உட்கார்ந்தவர் மடியில் ஒரு பிள்ளை

ஜொகூர் பாருவில் ஹோட்டல் நிர்வாகம் சொல்லித்தரும் ஒரு கல்லூரியிலிருந்து போன மாதம் எனக்கு அழைப்பு வந்தது. தீவுகளில் ஆட்டப்பாட்டு எப்படிச் சுற்றுலாவை வளர்க்கிறது என்று மாணவர்களிடம் பேச வேண்டுமாம். அழைப்பு அட்டையில் என் பெயருக்குக் கீழே ‘துறை வல்லுநர்’ என்று போட்டிருந்தார்கள். என் மனைவி ரீத்தா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தாள். நான் டிரம் அடித்துச் சம்பளம் வாங்கியவன். வேலை செய்த காலத்தில் என்னை ‘சவரி’ என்று கூப்பிட்டார்கள், கோபம் வந்தால் வேறு மாதிரியும் கூப்பிட்டார்கள். வல்லுநர் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “அங்கிள், இப்பெல்லாம் ரிசார்ட்ல போன்ல பாட்டப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டுடுறாங்க. அதே பாட்டுதான? ஆள் வச்சு வாசிக்கிறது எதுக்கு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு மேடையில் பதில் வரவில்லை. எதையோ உளறிவிட்டு, அவர்கள் கொடுத்த பரிசுப் பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். தம்போயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். சண்டையில்கூட நல்ல பதில் மறுநாள் பல் விளக்கும்போதுதான் வரும். ஆகவே எழுதிவிடுகிறேன்.

நான் குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் என் குரலை ஒரே ஒரு ஞாயிறு கேட்ட ஃபாதர், அடுத்த ஞாயிறு என் கையில் டிரம் குச்சியைக் கொடுத்துவிட்டார். எஸ்டேட் போனது, டவுனுக்கு வந்தோம். செனாயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வாரநாள் முழுக்க வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுக் கச்சேரி. இப்படியே தலை நரைத்தது. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணத்தில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றவர்தான் ஜமால் பாய். மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். பரோட்டாக் கல்லை விட்டுவிட்டு ஹோட்டல் படிப்புக்குப் போன முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். மெர்சிங் துறையிலிருந்து படகில் போகும் தீவுகளில் ஒன்றில், ஒரு சின்ன ரிசார்ட்டுக்கு மேனேஜராக இருந்தார்.

“சவரியண்ணே, எங்க பேண்டுக்கு டிரம்மர் வேணும். கடல் காத்து, மூணு வேளை சாப்பாடு. வேற என்ன வேணும் உங்களுக்கு?”

“மழைக்காலத்துல என்ன பண்றது பாய்?”

“மழைக்காலத்துல கடல் ஒத்துக்காதுலா. தீவையே மூடிடுவோம். வீட்ல உட்கார்ந்து அண்ணிகிட்டத் திட்டு வாங்குங்க.”

போனேன். தீவின் ஒரு பக்கம் எங்கள் ரிசார்ட், மறு பக்கம் மீனவர் கம்பம், அதாவது கிராமம். நடுவில் தென்னந்தோப்பு. ரிசார்ட்டில் படகு ஓட்டுவது, சமைப்பது, துணி வெளுப்பது எல்லாம் கம்பத்து மலாய்க்காரர்கள்தான். வாரத்தில் சில மாலைகளில் ஜோகெட் நடக்கும். ஜோகெட் என்பது ஜோடி ஜோடியாக ஆடுகிற ஆட்டம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே ஆடுவார்கள், தொடமாட்டார்கள். கம்பத்துக் கல்யாணங்களிலும் அதே பாட்டு, அதே பேண்டு.

பேண்டுக்குத் தலைவர் அபாங் ரஷீத். அபாங் என்றால் மலாயில் அண்ணன். அவர் என்னைவிட இளையவர், ஆனாலும் தீவு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அக்கார்டியன் வாசிப்பார். அவர் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பார். தப்பு செய்தவனுக்கு உறைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஆரம்பத்தில் என்னால் அவர் கடலை நிறையவே பார்த்தார்.

முதல் நாள் என் டிரம் செட்டைப் பந்தாவாக விரித்தேன். டிரம் நகராமல் இருக்க அடியில் கார்ப்பெட் போடுவது எங்கள் வழக்கம். அபாங் வந்தார், கார்ப்பெட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உருவிச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார். பிறகு என் செருப்பைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார். அங்கே மேடை கிடையாது. ஆடுவதற்கென்று தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைத் தளம் போட்டிருந்தார்கள். வாசிப்பவர்களும் அதே பலகைமேல்தான் உட்கார வேண்டும், வெறுங்காலோடு.

ஒவ்வொரு மாலையும் தொடங்குமுன் அவர் ஒரு வேலை செய்வார். சமையல்கட்டிலிருந்து சில பெண்களைக் கூப்பிட்டுப் பலகைமேல் நடக்கச் சொல்வார். நாங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது யார் எங்கே போகிறாள், நிற்கிறாளா, திரும்புகிறாளா என்று பாதத்தின் வழியாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை எங்கள் முக்காலிகளை நகர்த்திக்கொண்டே இருப்பார். பலகை எங்கள் காலடியில் தொடங்கி ஆடுபவர்கள் பக்கம் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்தப் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. எங்களை ஏமாற்ற வேண்டுமென்றே நுனிக்காலில் நடப்பார்கள், கொலுசுக்காரி தன் கொலுசைக் கழற்றிவிட்டு வருவாள்.

எனக்கு இதெல்லாம் கோமாளித்தனமாகப் பட்டது. ஆறு எட்டுத் தாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, எத்தனை கல்யாணத்தில் அடித்திருக்கிறேன் என்ற திமிர். ஆனால் எங்கள் கல்யாணங்களில் டிரம்தான் ஆட்களை இழுக்கும். நாம் வேகத்தைக் கூட்டினால் கூட்டம் குதிக்கும், குறைத்தால் உட்காரும். அதே பழக்கத்தில் ஒரு மாலை வேகத்தைக் கூட்டினேன். பலகைமேல் ஒரு கால் சற்றுக் குட்டையான மீனவர் ஒருவர் தன் மனைவியோடு ஆடிக்கொண்டிருந்தார். அபாங் வாசிப்பை நிறுத்தினார். கடலைப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மலாயில் மெதுவாகச் சொன்னார். “நீ தாளம் போடாதே. தாளம் அவர்கள் போடுகிறார்கள். நீ கூடச் சேர்ந்துகொள். தரையில் யார் கால் மெதுவோ, பாட்டு அவருடையது.”

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. மெல்ல மெல்லப் பாதம் கேட்கப் பழகியது. கையில் மூன்று எண்ணும்போது அவர்கள் காலில் இரண்டு ஓடியது, அந்த இரண்டும் மூன்றும் எங்கே போய்ச் சேருகின்றன என்பது பலகையில் தெரிந்தது. ஒருநாள் இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் பாதம் தரையை விட்டு எழும்புவதே இல்லை, முழங்கால்தான் இளகிக் கொடுக்கிறது. அது படகில் நடக்கிறவர்களின் நடை. அலை தூக்கும்போது தள்ளாடாமல் மீன்கூடையைக் கைமாற்றுகிற அதே முழங்கால்தான் இங்கே ஆடுகிறது. அதைக் கண்டுபிடித்த மாலையில் வாயைப் பிளந்துகொண்டு அடிக்கவே மறந்துவிட்டேன். அபாங் கடலைப் பார்க்கவில்லை. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பாட்டும் அப்படித்தான். மெட்டுப் பழசு, வரிகளை அங்கேயே கட்டுவார்கள். சோத்தோங் எனும் கணவாய் மீன் எந்தப் பக்கம் கிடைக்கிறது, யார் படகில் மோட்டார் நின்றுபோனது, யார் வீட்டு மருமகன் மாமியாருக்குப் பயந்து கடலிலேயே இருக்கிறான், வெயிலில் படுத்து நண்டு மாதிரி சிவந்துபோன வெள்ளைக்கார விருந்தாளி யார் எல்லாம் நாலு வரியில் வந்துவிடும். போனில் கேட்ட இந்தோனேசிய டாங்டுட் மெட்டையும் எடுத்துக்கொள்வார்கள், எங்கள் தமிழ்ப் பாட்டு மெட்டையும் என்னிடம் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். எதை எடுத்தாலும் அந்த முழங்காலில் போட்டுத் தங்களுடையதாக்கிவிடுவார்கள். விருந்தாளிகளுக்கு ஒரு வரியும் புரியாது. ஆனாலும் கம்பத்துக்காரர்கள் சிரிக்கும்போது அவர்களும் சிரிப்பார்கள். நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று.

கம்பத்தில் நான் பார்த்த முதல் கல்யாணத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இடையில் எனக்கு ஓய்வு கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிரப் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, கேட்காமல் கொள்ளாமல், என் மடியில் ஒரு கைக்குழந்தையை வைத்துவிட்டு ஆடப் போய்விட்டாள். நான் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த காக் நோரிடம் கேட்டேன். காக் என்றால் அக்கா. எங்கள் ரிசார்ட் சலவைப் பகுதிக்கு அவர்தான் தலைவி. வாய் கொஞ்சம் நீளம்.

“இது யார் பிள்ளை? எதற்கு என்னிடம்?”

“நீ உட்கார்ந்திருக்கிறாயே சவரி. வேறு எதற்கு உட்கார்ந்திருக்கிறாய்?” என்றார் காக் நோர்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிள்ளை. ஜோகெட்டில் சும்மா பார்ப்பவர் என்று அங்கே ஒரு ஆள் கிடையாது. ஒன்று ஆட வேண்டும், இல்லையென்றால் ஆடுகிறவளின் பிள்ளையை வைத்திருக்க வேண்டும். நாற்காலி அதற்குத்தான். பாட்டு மாறும்போது முறையும் மாறும், வைத்திருந்தவள் ஆடப் போவாள், ஆடினவள் வந்து உட்காருவாள்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

ஒரு வருடம் எங்களுக்குக் கூட்டமே இல்லை. பக்கத்துத் தீவுகளில் புதிதாகப் பெரிய ரிசார்ட்டுகள் வந்திருந்தன. முதலாளி ஜமால் பாயைக் கூப்பிட்டு, சிங்கப்பூரிலிருந்து பெரிய பயண நிறுவனம் ஏதாவது நம்மைத் தன் பட்டியலில் சேர்க்காவிட்டால், இந்த மழைக்காலத்துக்கு மூடினால் மூடினதுதான், திறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். பாய் இதை எனக்கும் அபாங்குக்கும் மட்டும் ரகசியமாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கம்பத்துக் கோழிக்குக்கூடத் தெரிந்துவிட்டது. சோத்தோங் வருடம் முழுக்கக் கிடைக்காது. மற்ற மாதங்களில் கம்பத்து அடுப்பு எரிவது ரிசார்ட் சம்பளத்தில். அது நின்றால் இளவட்டமெல்லாம் செனாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விடும். எனக்கும் அதற்கப்புறம் யாரும் வேலை தரப்போவதில்லை. பாய் இருப்பதிலேயே பாவம். பள்ளிவாசல் முற்றத்தில் நின்றுகொண்டு, நான் இருக்கும்வரை இதை மூடவிடமாட்டேன் என்று கம்பத்தாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருவழியாக ஒரு சிங்கப்பூர் நிறுவனம் பார்த்துப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னது. பாய் ஜொகூர் பாருவிலிருந்து ஜிகினா உடையெல்லாம் வைத்திருந்த ஒரு நடனக் குழுவை ஏற்பாடு செய்தார். பலகைத் தளத்துக்கு முன்னால், மணலில், வெள்ளைத் துணி கட்டிய நாற்காலிகள் போடுவதாகத் திட்டம். அபாங் வேண்டாம் என்றார்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க அவர்கிட்ட,” என்றார் பாய் என்னிடம். “கெஸ்ட்டுன்னா முன்னால உட்காரணும், எதிர்ல ஷோ நடக்கணும். உலகம் பூரா அப்படித்தான்லா.”

நான் அதை அபாங்கிடம் மலாயில் சொன்னேன். அபாங் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, நாற்காலி போடு. ஆனால் பலகைமேலேயே போடு. தனியாக மணலில் போடாதே” என்றார். பாய் ஒப்புக்கொண்டார்.

நிறுவனம் அனுப்பிய அம்மாள் பெயர் கோமதி. தமிழர், நாற்பது தாண்டியவர், கட்டையாக வெட்டிய முடி, வெள்ளைக் கால்சட்டை. கூட இரண்டு பேர். காலைப் படகில் வந்து இறங்கியதிலிருந்து குளியலறை, உயிர்காப்புச் சட்டை, மருத்துவர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் நியாயமான கேள்விகள். கேட்டவர் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. பாய் வெட்டிக் கொடுத்த இளநீரைப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

நடனக் குழு மதியப் படகில் வர வேண்டும். மதியம் பாய்க்கு போன் வந்தது. பேசிவிட்டு அப்படியே சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அலமாக்… தண்ணி இல்லையாம் அண்ணே. மெர்சிங் ஆத்து வாய்ல தண்ணி இறங்கிடுச்சு, படகு நகரமாட்டேங்குதாம். திரும்ப ஏறுறதுக்குள்ள இருட்டிடும்.”

“நீங்க தண்ணி அட்டவணை பாக்கலயா பாய்?”

“நான் மூவார்ல பொறந்தவன். ஆத்து முகத்துலயே வளர்ந்தவன். நிலாவப் பாத்து தண்ணி சொல்லுவேன், எனக்கு எதுக்கு அட்டவணை?”

“அது மேற்குக் கடல் பாய். இது கிழக்குக் கடல். தண்ணி ஏறி இறங்குற நேரமே வேற.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூவார்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆறே இல்லாத ஊர்க்காரனாக இருந்தால் பேசாமல் அட்டவணையைப் பார்த்திருப்பான். வேறு நாளாக இருந்தால் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

அபாங் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காக் நோரைப் பார்த்தார். “படகுகள் திரும்பிவிட்டனவா?”

“திரும்பிவிட்டன. ஆண்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.”

“அப்படியானால் எல்லாரையும் கூப்பிடு.”

“எல்லாரும் வரட்டும், ஆனால் உடை?” என்று பாய் மலாயில் பதறினார். காக் நோருக்குக் கோபம் வந்துவிட்டது. தீவிலுள்ள அத்தனை துணியையும் துவைக்கிறவள் நான், என்னைப் பார்த்தா உடுத்தத் துணி இருக்கிறதா என்று கேட்கிறாய் என்றார். பாய் உடைப் பேச்சை அத்தோடு விட்டார்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து, அந்தி மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயில் சாய்ந்து தென்னைகளுக்கு நடுவே தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. கோமதி முன்வரிசை நாற்காலியில், மடியில் கோப்போடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பத்து ஆட்கள் தோப்பு வழியாக வரத் தொடங்கினார்கள். நல்ல உடுப்புத்தான் போட்டிருந்தார்கள், கல்யாணத்துக்குப் போடுவதை. வயதானவர்களும் வந்தார்கள், பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு வந்தார்கள். எல்லாரும் ஆட வந்திருந்தார்கள். அதுதான் விஷயம். எல்லாரும் ஆட வந்துவிட்டால் பிள்ளைகளை யார் வைத்திருப்பது?

அந்தப் பெண்கள் சுற்றிலும் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள் மட்டுமே.

நடக்கப்போவது எனக்கு ஒரு நொடி முன்னால் புரிந்துவிட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, அபாங் வாசிக்கத் தொடங்கியிருந்தார். காக் நோர் நேராகக் கோமதியிடம் போனார். மடியிலிருந்த கோப்பைப் பேனாவோடு சேர்த்து எடுத்துக் கீழே பலகையில் வைத்தார். அந்த இடத்தில் தன் கடைசிப் பையனை வைத்தார். பையனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. கோமதியின் கை இரண்டையும் பிடித்து, ஒன்றை முதுகுக்கும் ஒன்றைக் கழுத்துக்கும் கொடுத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடப் போய்விட்டார். மற்ற இரண்டு சிங்கப்பூர்க்காரர் மடியிலும் அதற்குள் பிள்ளைகள் ஏறியிருந்தன. கண்ணாடி போட்டிருந்தவரிடம் இரண்டு.

தூணோரம் நின்ற பாயின் உதடு ‘யா அல்லா’ என்று அசைந்தது மட்டும் தெரிந்தது. ஓடிவந்து பிள்ளையை வாங்கப் பார்த்தார். ஆடுகிறவர்கள் நடுவே இருந்ததால் அவரால் தாண்ட முடியவில்லை.

கோமதி அசையாமல் இருந்தார். எழுதப் பேனா இல்லை, கை இல்லை. பையன் அவர் முகத்தைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், பிறகு வீறிட்டு அழுதான். அக்கார்டியனை மீறிக் கேட்டது அந்தக் குரல். வேலை, சம்பளம், கம்பம் எல்லாம் அந்த ஒரு அழுகையில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அபாங் நிறுத்தவில்லை. காக் நோரும் ஓடிவரவில்லை. ஆடிக்கொண்டே, பிள்ளையைப் பார்த்து, அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டினார். மலாயில் பாடியதன் பொருள் இதுதான்: ‘சோத்தோங் வெளிச்சத்துக்கு வரும், பிள்ளை எந்த மடிக்கும் போகும். புது மடி நல்ல மடிதானா? நீ அழுகையை நிறுத்தினால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.’

கம்பம் முழுக்கச் சிரித்தது. கோமதியும் நிமிர்ந்து பார்த்தார். சிங்கப்பூரில் வளர்ந்தவர், மலாய் தெரியாமலா இருக்கும்? அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் எழுந்து நின்றார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு காலால் மறு காலின் செருப்பை மாற்றி மாற்றித் தள்ளிக் கழற்றினார். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உலகத்தில் அழுகிற பிள்ளையை வைத்திருக்கும் எல்லாரும் செய்வதைச் செய்தார். இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மெதுவாக அசைந்தார்.

கம்பத்தாருக்கு அது போதும். எழுந்து நின்றால் ஆட வந்தவர் என்று அர்த்தம். வரிசை விலகி அவருக்கு இடம் விட்டது. அவர் இரண்டடி உள்ளே வந்தார்.

அப்போது என் பாதத்தில் அது வந்தது. அத்தனை கால்களின் நடுவே, பலகை வழியாக, ஒரு புதிய, தயங்கிய, மெதுவான கால். பிள்ளை தூங்க வேண்டுமே என்று நடக்கிற கால். என் கை தானாக இளகியது. அபாங்கைப் பார்த்தேன், அவர் கண்ணை மூடியிருந்தார், அக்கார்டியன் ஏற்கெனவே மெதுவாகியிருந்தது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும், கிழவர்களும் புதுமாப்பிள்ளைகளும், அலை வடிகிற மாதிரி ஒன்றாக மெதுவானார்கள். முழுக் கம்பமும் அந்த ஒரு பெண்ணின் காலுக்கு ஆடியது. அவருக்கு அது தெரியாது. தானே தாளத்துக்குச் சரியாக ஆடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கோயிலில் வாசித்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான கல்யாணங்களில் வாசித்திருக்கிறேன். மனிதர்கள் இப்படியும் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பலகைதான். கல்லூரியில் கேட்ட அந்தப் பெண்ணே, உனக்குச் சொல்ல நினைத்த பதில் இதுதான். போன் எந்தப் பாட்டையும் பாடும். ஆனால் அதற்குக் கால் கேட்காது. புதிதாக வந்த ஒருத்திக்காக அது மெதுவாகாது.

பாட்டு முடிந்தபோது பையன் தூங்கியிருந்தான். பாய் எப்படியோ புகுந்து வந்து கையைக் கூப்பினார்.

“மேடம், ரொம்ப ரொம்ப சாரி. இவங்களுக்குத் தெரியாது. இது ப்ரோக்ராம்லயே கிடையாது. நாளைக்கே உங்களுக்கு ஒழுங்கான ஷோ…”

“ஷ்!” என்றார் கோமதி. “தூங்குது.”

மறுநாள் காலைப் படகுக்கு முன் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தோம். முந்தின மாலைக்குப் பிறகு கோமதி முடிவு எதுவும் சொல்லவில்லை. பாய் கண்ணில் தூக்கம் இல்லை. மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்த காக் நோர், கை நிறைய வேலை இருந்ததால், வழக்கம்போலப் பையனைக் கோமதியிடமே கொடுத்திருந்தார். இந்தத் தடவை கையைப் பிடித்துச் சரிசெய்யவில்லை.

“ஜமால்,” என்றார் கோமதி. “நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து எத்தனையோ ஐலண்டுக்குப் போயிருக்கேன். மாலை போடுவாங்க. இளநி கொடுப்பாங்க. டான்ஸ் ஆடுவாங்க, நான் கை தட்டுவேன், எழுதுவேன், போயிடுவேன். யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்ல.”

பாய் ஒரு அடி முன்னால் வந்தார்.

“ஆளுங்களை அனுப்புறேன். அடுத்த சீசனுக்குப் பட்டியல்ல உங்க பேரு இருக்கும். ஆனா இத நான் எழுதமாட்டேன். ரிப்போர்ட்ல ‘சாயங்காலம் ஜோகெட்’ அவ்வளவுதான் இருக்கும். எழுதினேன்னா, நீங்க மணி அடிச்சு ஆளுக்கொரு பிள்ளையக் கொடுக்க ஆரம்பிச்சிடுவீங்க.”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைத்தான் யோசித்துவைத்திருந்தார் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்படியே துறைப் பலகையில் உட்கார்ந்து, மேனேஜர் என்பதையெல்லாம் மறந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கோமதி பையனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினார். மோட்டார் சத்தத்தில் அவர் கடைசியாகச் சொன்னது கேட்கவில்லை. காக் நோர் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். தமிழில் பேசியது அவருக்குப் புரியவில்லை, பாய் அழுவதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்.

“என்ன சொன்னாள்? மூடப்போகிறார்களா?”

“இல்லை காக். அடுத்த பருவம் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். நிறையப் பேர்.”

அவர் நெஞ்சில் கை வைத்து இறைவனுக்கு நன்றி சொன்னார். போகிற படகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் ஒரு கவலை வந்தது. நான் அவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“வரட்டும்,” என்றார். “அவர்களுக்கெல்லாம் பிள்ளை தூக்கத் தெரியுமா?”